மணிக்கு 69 வயது

என் சித்தப்பாவுக்கும் மணிக்கும் ஒரே வியாதி. இதை அவர் காதில் போடக்கூடாது என்பது சித்தியின் உத்தரவு. மணி என்பது அவர் வளர்க்கும் நாய்.

வியாதியை நாகரிகமாகச் சொன்னால் நீர்த்தாரை சம்பந்தப்பட்டது. பச்சையாகச் சொன்னால் ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது. பத்தமடையில் சித்தப்பா வீட்டுக் கொல்லைக் கதவு பதினோரு மணிக்கு ஒரு தரம் திறக்கும், ஒன்றரைக்கு ஒரு தரம், மூன்றுக்கு ஒரு தரம், அப்புறம் நாலரைக்கு. சித்தப்பா முன்னால் போவார், மணி பின்னால் போகும். ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். ரொம்ப நேரம் நிற்பார்கள்.

"வயசாயிட்டுல்லா..." என்பார் சித்தப்பா, திரும்பி வந்து படுக்கும்போது. யாரைச் சொல்கிறார் என்று தெரியாது.

2024 கார்த்திகையில் விஷயம் கொஞ்சம் முற்றியது. மணி படுப்பது ஒரு பழைய கோரைப் பாயில். சாதாரணப் பாய் இல்லை. சித்தப்பா கல்யாணத்துக்கு நெய்தது. எங்கள் ஊர் பட்டுப்பாய்க்கென்று ஒரு முறை உண்டு. கோரையை மெல்லிசாகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, பருத்தி நூலில் நெய்வார்கள். கல்யாணப் பாயென்றால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பாயிலேயே வரும். பட்டுப்பாய் கிழிந்து தொழுவத்துக்குப் போனபோது மணி அதை எடுத்துக்கொண்டது. சரியாக சித்தப்பாவின் பெயர் மேல்தான் படுக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாள் காலையில் நாலைந்து சொட்டு ரத்தம்.

சித்தி என்னைக் கூப்பிட்டாள். குடும்பத்தில் லீவு போடாமல் அலையக்கூடிய ஆசாமி நான் ஒருத்தன்தான்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கிராமத்தில் வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். டீக்கடை அண்ணாச்சி, "சூடு தம்பி, இளநி குடுங்க" என்றார். இன்னொருவர் நெருஞ்சி முள் கஷாயம் என்றார். வாழைத்தண்டுச் சாறு ஒரு ஓட்டு வாங்கியது. ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் பாதிதான் சொல்லியிருப்பேன், மனிதர்களுக்கான வலி மாத்திரையை எடுத்து, "பாதியா உடைச்சுப் போடுங்க" என்று கவரில் போட்டுவிட்டார்கள். வாங்காமல் வந்தேன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குத் தலைவலிக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். பாரசிட்டமால் கல்லீரலைப் பார்க்கும், இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பார்க்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, 2006-ல் அரசாங்கமே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்யவேண்டி வந்தது. ஒரு மாத்திரை எந்த வயிற்றில் என்ன செய்யும் என்பது பாதியாக உடைப்பதால் மாறிவிடாது.

பத்தமடை டாக்டர் பிறக்காத ஊர் அல்ல. சுவாமி சிவானந்தர் 1887-ல் இங்கேதான் பிறந்தார். மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டு, பிற்பாடு ரிஷிகேசம் போய் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அந்த மண்வாகோ என்னவோ, ஊரில் யார் ஆரம்பிக்கிற வைத்தியமும் கடைசியில் வைராக்கியத்தில்தான் முடிகிறது. "விட்ருங்க, போற வரைக்கும் போகட்டும்."

அடுத்த வீட்டில் பாய் நெய்கிற லாத்தா மட்டும் தறியிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்று கேட்டாள். "சீக்கு என்னன்னே தெரியல. அதுக்குள்ள வச்சிருக்கவா விடவான்னு எப்படிப் பேசுதிய?"

உண்மையில் நாங்கள் மூன்று நாளாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். சென்னையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அத்தை மகன் போனில் இருந்தான். "நாட்டு நாய். வயசு பதினொண்ணு. இனிமே இதுக்கு ஸ்கேன், ஆபரேஷன்னு போறது வேஸ்ட்டுடா. குட்டி வேணும்னா சும்மாவே கிடைக்கும்."

நானும் பி.காம். தான். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு, நினைவிருக்கும். நேர்கோட்டு முறையில் ஆயிரம் ரூபாய் மெஷினுக்கு வருஷம் நூறு கழித்தால் பத்தாம் வருஷம் பூஜ்யம், பேரீச்சம்பழத்துக்குப் போடலாம். குறைந்து செல் இருப்பு முறையில் மிச்சமிருப்பதில்தான் பத்து சதவிகிதம் கழியும். 900, 810, 729 என்று இறங்கிக்கொண்டே போகும், ஆனால் எத்தனை வருஷமானாலும் பூஜ்யத்தைத் தொடாது. அத்தை மகன் மணியை முதல் முறையில் எழுதுகிறான், சித்தப்பா இரண்டாவது முறையில். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ராத்திரி தொழுவத்துக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டு குரைத்து எல்லோரையும் எழுப்பியது மணிதான். மாட்டை அவிழ்க்க நேரம் கிடைத்தது. அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

வேறு யோசனைகளும் வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒருவர் ரகசியமாகச் சொன்னார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் (1960) அதைக் குற்றம் என்கிறது என்றேன். அபராதம் எவ்வளவு என்று கேட்டார். முதல் தடவை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. படகுக்கூலியைவிடக் குறைவு.

கடைசியில் சித்திதான் முடிவு பண்ணினாள். "முதல்ல என்னன்னு பாத்துட்டு வாங்க. மத்ததெல்லாம் பொறவு."

திருநெல்வேலியைத் தாண்டி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-லிருந்து இருக்கிறது. போவது எப்படி? டாக்ஸிக்காரர்கள் "நாயா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்கள். அதற்கும் ஒன்றுக்குப் போகிற தொந்தரவு என்று நான் வெகுளியாகச் சொன்னது காரணமாக இருக்கலாம். ஒரு குட்டியானை கிடைத்தது. பின்னால் பாயை விரித்து மணி, மணி பக்கத்தில் சித்தப்பா, சித்தப்பா பக்கத்தில் நான். மேலச்செவல், முன்னீர்பள்ளம் என்று ஊர் ஊராகப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்கள் மூன்று பேரில் யார் நோயாளி என்று யூகிக்கப் பார்த்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினோம். இரண்டு தடவையும் சித்தப்பாவும் இறங்கினார்.

சிறுநீர் சாம்பிள் வேண்டுமே என்று காலையிலேயே சித்தியின் குழம்புக் கரண்டியோடு மணி பின்னால் தெருவில் நடந்திருந்தேன். மணி என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கம்பமாகத் தவிர்த்தது. (அந்தக் கரண்டிக்கு சித்தி அப்புறம் தலை முழுகிவிட்டாள்.) கொண்டுபோன அரை ஸ்பூனை டாக்டரம்மா ஒரு மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு அது ஆகாதாம். வெளியே வருகிற வழியில் எல்லா அழுக்கும் சேர்ந்துவிடும். வயிற்றின் மேலிருந்து மெல்லிய ஊசியால் நேரே மூத்திரப்பையிலிருந்து எடுத்தார். மணி லேசாக முனகியது. சித்தப்பா சத்தமாக முனகினார்.

அப்புறம் கையுறை, பின்பக்கம் ஒரு விரல், அப்புறம் ஸ்கேன். கல் இல்லை. கல் இருந்திருந்தால் கதை வேறு. அதிலும் என்ன கல் என்று பார்க்கவேண்டும். கிருமியால் வருகிற ஒரு வகை, மருந்திலும் தனி உணவிலும் கரையும். ஆக்ஸலேட் வகை எதற்கும் அசையாது, கத்திதான். மணிக்கு இருந்தது புராஸ்டேட் வீக்கம், கூடவே அதில் கிருமித் தொற்று.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் இரண்டு படம் போட்டார். இடது பக்கம் மனிதன், வலது பக்கம் நாய்.

"இந்தச் சுரப்பி ஆண்களுக்கு மூத்திரக் குழாயைச் சுத்தி மோதிரம் மாதிரி இருக்கும். வயசாக வயசாக மனுஷனுக்கும் நாய்க்கும் இது பெருசாகும். மத்த மிருகத்துக்கெல்லாம் பெரும்பாலும் இந்தத் தொந்தரவு இல்லை. மனுஷனுக்கு உள்பக்கமா வளந்து குழாயை நெரிக்கும். அதான் ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறது, நின்னு நின்னு சொட்டு சொட்டா போறது. நாய்க்கு வெளிப்பக்கமா வளந்து மலக்குடலை அமுக்கும். முக்கி முக்கி வெளிக்குப் போகும், ரிப்பன் மாதிரி தட்டையாப் போகும், ரத்தம் சொட்டும். கிருமியும் சேந்துக்கிட்டதால இதுக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வருது."

சித்தப்பா வலது பக்கப் படத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்று ஒரு டாக்டர், நாய்களின் புராஸ்டேட்டை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தச் சுரப்பி சுருங்குகிறது என்று நாய்களிடம் பார்த்து, அதை வைத்து 1941-ல் புராஸ்டேட் புற்றுநோய் வந்த மனிதர்களுக்கு வைத்தியத்தை மாற்றிக் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நாய்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. உலகம் பூராவும் ஆண்பிள்ளைகள் அறுபது வயதுக்கு மேல் இந்த விஷயத்தில் நாய்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிருமிக்கு மாத்திரை குறைந்தது நான்கு வாரம். இந்தச் சுரப்பிக்குள் மருந்து லேசில் நுழையாது, அதனால் ரத்தம் நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது. வீக்கத்துக்கு இரண்டு வழி. மனிதர்களுக்கு 1992-லிருந்து கொடுத்துவரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை நாய்க்கும் கொடுக்கலாம். கொடுக்கிறவரை சுருங்கியிருக்கும், நிறுத்தினால் திரும்ப வளரும். இன்னொன்று கருத்தடை ஆபரேஷன். மூன்று வாரத்தில் சுரப்பி பாதியாகும், இரண்டு மாதம் போனால் இன்னும் சுருங்கும். ஒரே தடவையோடு முடிந்தது.

டாக்டரம்மா "கருத்தடை" என்று சொன்னதை சித்தப்பா மனசுக்குள் மொழிபெயர்க்க அரை நிமிஷம் ஆனது.

"காயடிக்கணும்ங்காங்களா?"

"ஆமா சித்தப்பா."

"வேண்டாம்லே. ஆம்பளப் பயலா பொறந்துட்டு... இருக்கது இன்னும் ரெண்டு வருசமோ மூணு வருசமோ. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பி வரும்போது குட்டியானையில் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் இதே மனிதர்தான் எத்தனையோ காளைகளை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவர். காளைகளின் ஆண்மையைப் பற்றி அவர் எப்போதும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காளை கல்யாணப் பாயில் படுக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

எனக்கு வேறு பயம். மயக்க மருந்து. பதினொரு வயது நாய்க்கு மயக்கம் கொடுத்து, எழுந்திருக்காமல் போனால்? இந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 2008-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. மயக்கம் கொடுக்கப்பட்ட நாய்களில் மற்றபடி ஆரோக்கியமானவற்றில் சுமார் இரண்டாயிரத்துக்கு ஒன்று இறந்தது. ஏற்கெனவே பலமான நோய் உள்ளவற்றில் 75-க்கு ஒன்று. இரண்டாயிரத்துக்கு ஒன்று என்றால் நான் துணிவேன். 75-க்கு ஒன்று என்றால் யோசிப்பேன். மணி எந்த வரிசையில் நிற்கிறது? லாத்தா கேட்டது இதைத்தான். பரிசோதனையைப் பார்க்காமல் எடுக்கிற முடிவு, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பதுதான். கருணையால் மூடினால் என்ன, சிக்கனத்தால் மூடினால் என்ன?

ரத்தப் பரிசோதனை வந்தது. கிரியேட்டினின் 1.3. நல்ல நம்பர் என்று சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா அவ்வளவு சந்தோஷப்படவில்லை. சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை இழந்த பிறகுதான் அந்த நம்பர் ஏற ஆரம்பிக்குமாம். அதனால் மூத்திரத்தின் அடர்த்தியையும் பார்த்தார். கெட்டியாக இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைப் பிழிந்து மிச்சம் பிடிக்கத் தெரிந்த நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். மணிக்கு இருந்தது. இதயத்திலும் சத்தக் கோளாறு இல்லை. பதினொரு வயதைத் தவிர மணியிடம் வேறு குற்றம் இல்லை, வயது என்பது ரிப்போர்ட்டில் எழுதுகிற வியாதியும் இல்லை.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "முக்கி முக்கியும் சொட்டுகூட வரலேன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அடைப்பு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திரும்." ஆண் நாய் வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும்.

மாத்திரையா, கத்தியா? மாத்திரையைத் தினமும் கொடுக்கவேண்டும், ஆயுசு முழுக்க. மணி மாத்திரையை எதற்குள் வைத்தாலும் தின்பண்டத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவித் துடைத்த மாதிரி துப்பிவிடும் ரகம். கிருமி இருக்கிற சுரப்பியை அப்படியே பெரிதாக விட்டுவைத்தால் தொற்று திரும்பத் திரும்ப வரும், சீழ்கூடக் கட்டலாம். நான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தேன். சித்தியும்.

சித்தப்பாதான் பாக்கி. அவருக்காக நான் ஒரு கணக்கு போட்டேன். நாய் வயதை ஏழால் பெருக்குவது என்பது பழைய வாய்ப்பாடு. 2020-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ பிரிவில், லாப்ரடார் நாய்களின் மரபணுக்களில் வயதின் தடயங்களை அளந்து புது வாய்ப்பாடு கொடுத்தார்கள். நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை எடு, பதினாறால் பெருக்கு, 31 கூட்டு. பதினொன்றுக்கு 2.398. பெருக்கினால் 38 சொச்சம். கூட்டினால் 69. மணி லாப்ரடார் இல்லை. ஆனாலும் வாய்ப்பாடு சித்தப்பாவுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

"சித்தப்பா, மணிக்கு நம்ம கணக்குல வயசு அறுபத்தொம்பது."

சித்தப்பா பேப்பரை மடித்தார். அவருக்கும் அறுபத்தொன்பது.

"அறுபத்தொம்பது ஒரு வயசாடே?" என்றார், கொஞ்சம் கோபமாக.

"அதான் நானும் சொல்லுதேன். இது போற வயசு இல்ல. பாத்துவிட்டா சரியாகுற வயசு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி மூன்று மணிக்குக் கொல்லைக் கதவு திறந்தது. ரொம்ப நேரம் மூடவில்லை. சித்தப்பா மணியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. என்ன பேசினார் என்று தெரியாது. காலையில் காபி குடிக்கும்போது, "வண்டிக்குச் சொல்லிரு" என்றார்.

தொற்று கொஞ்சம் அடங்கட்டும் என்று இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு, மார்கழியில் ஆபரேஷன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனது ஒரு மணி நேரத்துக்குள். அதில் சித்தப்பா வராந்தாவை எத்தனை தடவை அளந்தார் என்பது வேறு கணக்கு. மயக்கம் தெளியும்போது மணி எங்களைப் பார்த்து வாலை ஆட்ட முயற்சி செய்து, வால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திணறியது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டின பிளாஸ்டிக் புனலோடு ஊருக்குள் வந்தபோது, டீக்கடை அண்ணாச்சி "என்னவே, நாய்க்கு ஸ்பீக்கர் கட்டிருக்கிய?" என்றார். செலவில் பெரிய பகுதி ஆஸ்பத்திரிக்கு அல்ல, குட்டியானைக்குத்தான் போனது. மொத்தத்தையும் கூட்டி அத்தை மகனுக்கு அனுப்பினேன். "இவ்வளவுதானா?" என்று பதில் வந்தது.

மூன்று வாரத்தில் முக்கல் போனது. ரத்தம் அதற்கு முன்பே நின்றிருந்தது. மாசி மாதம் மறுபடி ஸ்கேனுக்குப் போனோம். சுரப்பி பாதிக்கும் கீழே வந்திருந்தது. குரைப்பதிலும் தபால்காரரை விரட்டுவதிலும் எந்த மாற்றமும் இல்லை. இதைச் சித்தப்பா டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

திரும்பும்போது வண்டி வண்ணாரப்பேட்டையை நெருங்கியதும் சித்தப்பா டிரைவரின் கண்ணாடியைத் தட்டினார்.

"ஹைகிரவுண்டு வழியாப் போலாமா?"

ஹைகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரி.

"அது சுத்துல்லா சித்தப்பா."

"சுத்துனா சுத்தட்டும். அந்தப் படம் போட்ட பேப்பரை வச்சிருக்கியாலே?"

வைத்திருந்தேன். ஓ.பி. சீட்டு வாங்க நான் வரிசையில் நின்றேன். மணி வெளியே வேப்பமரத்தடியில் குட்டியானையில் படுத்திருந்தது. அங்கேயும் ஒரு விரல், ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை. பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையே போதும் என்றார்கள். "ஆபரேஷன் கிடையாதுல்லா?" என்று சித்தப்பா உறுதிப்படுத்திக்கொண்டார்.

இப்போது கொல்லைக் கதவு ராத்திரிக்கு ஒரு தடவைதான் திறக்கிறது. மணிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து கிரியேட்டினினைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குட்டியானைக்காரர் நம்பரை சித்தப்பா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.